முடியாதுங்க என்ற பிள்ளை

அந்தப் பிள்ளைக்குப் ‘பார்க்கலாம்’ என்ற வார்த்தை வாயில் வரவே வராது.

அந்த வார்த்தை இல்லாமல் நம்ம பக்கத்தில் ஒரு நாளை ஓட்டிவிட முடியுமா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம். ஓட்டுக் கேட்டு வந்தால் பார்க்கலாம். வரமாட்டேன், தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாத சனம் நாம். பார்க்கலாம் என்றால் கேட்டவருக்கும் புரிந்துவிடும். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். என் மகளை நத்தத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம் நான் சொன்ன ‘பார்க்கலாம்’ இன்னும் அப்படியே நிற்கிறது. மகளின் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள்.

இந்தப் பிள்ளையிடம் இருந்த சரக்கு இரண்டே இரண்டு. ஒன்று, ‘சரிங்க’. இன்னொன்று, ‘முடியாதுங்க’. நடுவில் சாய்ந்து உட்கார ஒரு இடமே கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகு, திங்களும் வியாழனும் அவரைத் திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப் போவேன். நாலு மணி நேரம் மிஷின் அவர் ரத்தத்தை வாங்கி, அலசி, திருப்பிக் கொடுக்கும். நானும் வாழ்நாளெல்லாம் துணி துவைத்தவள்தான், அப்படி ஒரு அலசலைப் பார்த்ததில்லை. அவருக்கு நாள் முழுக்க மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் அது நெஞ்சில் போய்த் தங்கும். போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். சுவரில் மாட்டிய படத்தில்கூட எனக்கென்னவோ தாகமாகத்தான் தெரிகிறார்.

அந்தப் பிள்ளையை முதன்முதலில் பார்த்ததும் தண்ணீர் விஷயமாகத்தான். மிஷினில் படுத்திருக்கும்போது அவர் ஒவ்வொரு நர்சாகக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் கேட்பார். எல்லோரும் சிரித்த முகமாக, பார்க்கலாம் தாத்தா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் நம்பிக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அன்றைக்குப் புதுசாக ஒரு ஒல்லிப் பிள்ளை வந்து நின்றது. எண்ணெய் வழியத் தலை வாரி, ஒரு முடி வெளியே தெரியாமல் வலைக்குள் அடைத்திருந்தது. இவர் வழக்கம்போலக் கேட்டார்.

“முடியாதுங்க தாத்தா. ஐஸ் கட்டி ஒண்ணு தர்றேனுங்க. கடிக்காம வாயில வெச்சிருக்கோணும்.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிப் பார்க்காத ஒரு சொல்லை நேற்று வந்த பிள்ளை சொல்லிவிட்டது. ஆனால் ஐஸ் கட்டி சொன்னபடி வந்தது. அன்றைக்கு அவர் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கவில்லை. கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரே அதுதான். ஆட்டோ ஏறும்போதே, “இன்னிக்கு முடியாதுங்க வந்திருக்குமா?” என்று கேட்பார். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெயர் இங்கிலீசில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு முடித்த கையோடு மல்லிகைப்பூ எடுக்கப் போனவள். எனக்கு அது எதற்கு?

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற வீட்டுப் பிள்ளை. நர்சிங் முடித்த கையோடு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் படித்து வருகிறவர்களை ஆறு மாதத்துக்கு வார்டு வார்டாக மாற்றிப் போடுவார்கள். ஆறாவது மாதக் கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, எந்த வார்டில் நிலையாக இருக்கப்போகிறாய் என்று எழுதச் சொல்வார்கள். எழுதியது எழுதியதுதான், இரண்டு வருஷத்துக்கு மாற்றமாட்டார்கள். இவளுக்குக் கடைசி மாதம் டயாலிசிஸ்.

மற்ற வார்டுகளில் இவள் செய்த கூத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா எனக்குச் சொன்னாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் நாலு மணி நேரம் உட்காருகிறவளுக்குச் சேதி தானாக நடந்து வரும்.

குழந்தைகள் வார்டில், ஊசிக்குப் பயந்து அலறிய ஒரு குட்டிப் பெண்ணிடம், வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இவள் குனிந்து, “வலிக்கும். மூணு எண்ணுற வரைக்கும் வலிக்கும். நீயே எண்ணு” என்றிருக்கிறாள். குழந்தை இன்னும் உரக்க அலறியது. தாய்க்காரி சண்டைக்கு வந்தாள். மறுநாள் ஊசி நேரத்தில் அந்தக் குட்டி வேறு யாரையும் கிட்டே விடவில்லையாம். மூணு அக்கா வரட்டும் என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டதாம்.

பிரசவ வார்டில் கதை வேறு. வலியில் துடித்த ஒருத்தி, இன்னும் எம்புட்டு நேரம் என்று கேட்டிருக்கிறாள். இதோ ஆச்சு என்று சொல்வதுதான் உலக வழக்கம். நானும் நாலு பெற்றவள். நாலு தடவையும் எனக்கு இதோ ஆச்சுதான். இவள் பார்த்துவிட்டு, விடிகாலையிலிருந்து இப்போதுவரை ஆன நேரம் இன்னும் ஒரு பங்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எட்டி ஒரு அறை விட்டாளாம். இவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இடுப்பைப் பிடித்துவிட்டபடி கடைசிவரைக்கும் கூடவே நின்றாளாம்.

நிற்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. அதை நானே கண்ணால் பார்த்தேன். ஒருநாள் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் தன் மச்சானைப் பார்க்க நாலு ஆளோடு வந்தார். செருப்போடு உள்ளே போகிறேன் என்றார். அவள் கதவில் நின்று, முடியாதுங்க என்றாள். நான் யார் தெரியுமா என்றார். தெரியலைங்க என்றாள். ஆஸ்பத்திரி எம்.டி.க்கு போன் போட்டார். மறுமுனையில் எடுக்கவில்லை. கத்தினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவர் சட்டைப் பையைப் பார்த்தபடி நின்றாள். கோபமும் இல்லை, பயமும் இல்லை. மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி நின்றாள். கடைசியில் அவர் செருப்பைக் கழற்றினார். ஆட்கள் வெளியே நின்றார்கள். போகும்போது அவரே என்னிடம், “இது யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்டார். மருமகளாக்கிக்கொள்ளலாமா என்கிற யோசனை முகத்தில் தெரிந்தது. வேண்டாம் அப்பு, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

தாள் எழுதுகிற நாள் நெருங்க நெருங்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கல்யாணப் பேச்சுக்குக் கூடியவர்கள் மாதிரிதான். ஐ.சி.யூ.வுக்குப் போ, வெளிநாடு போகலாம் என்றாள் ஒருத்தி. ஆபரேஷன் தியேட்டருக்குப் போ, நோயாளி மயக்கத்தில் இருப்பான், அவன் சொந்தக்காரனும் உள்ளே வரமாட்டான், உன் வாய்க்கு அதுதான் தோது என்றாள் இன்னொருத்தி. அது நல்ல யோசனைதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு என் காரியம் இருந்தது. இந்தப் பிள்ளை டயாலிசிசிலேயே இருந்தால் என் வீட்டுக்காரருக்கு நல்லது. என் ஆளை மிரட்ட எனக்கும் ஒரு ஆள் கிடைத்த மாதிரி.

அதனால் நைசாகப் பேச்சை ஆரம்பித்தேன். தாயி, உன் கைராசி வேற யாருக்கு வரும், நீ தொட்டாலே தாத்தாவுக்குப் பாதி நோவு போயிருது என்று கொஞ்சம் தூக்கி வைத்தேன். அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

“பாட்டி, உங்களுக்காக நான் எழுத மாட்டேனுங்க.”

“எனக்காகவா சொன்னேன்? தாத்தாவுக்காகத்தேன்.”

“தாத்தாவுக்காகவும் எழுத மாட்டேனுங்க. எழுதினா எனக்காகத்தானுங்க எழுதோணும்.”

அப்புறம் என்னதான் எழுதப்போகிறாய் என்று கேட்டேன். இன்னும் தெரியலைங்க என்றாள். பார்க்கலாம் என்று சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அங்கேகூட அவள் சொல்லவில்லை.

தைப்பூசம் வந்தது. பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போனார்கள். அவர் நல்லா இருந்த காலத்தில் வருஷா வருஷம் நடந்தவர்தான். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை அவளிடம் கேட்டுவிட்டேன். என் தங்கை மருமகள் மலைக்குப் போயிருக்கிறாள், பஞ்சாமிர்தம் கொண்டுவருவாள், முருகன் பிரசாதம், ஒரே ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா என்றேன்.

“முடியாதுங்க பாட்டி. அம்புட்டும் வாழைப்பழம், பேரீச்சம்பழம். அந்தப் பழத்துல இருக்கிற பொட்டாசியத்த தாத்தா உடம்பு வெளிய தள்ளாதுங்க. அது ஏறிப்போச்சுன்னா இதயம் நின்னுரும். திருநீறு பூசி விடுங்க. நெத்தியோட இருக்கட்டும், நாக்குக்கு வேண்டாம்.”

முருகனுக்கும் என் புருசனுக்கும் நடுவில் நிற்க இந்தச் சுண்டைக்காய் யார் என்று எனக்குச் சுருக்கென்றது. சாமி கொடுத்தது எங்கேயாவது கெடுதல் செய்யுமா? ஞாயிற்றுக்கிழமை தங்கை மருமகள் பாதம் வெடித்து, பச்சைச் சேலையோடு வந்து, டப்பாவைக் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்தேன். வாசம் வீடெல்லாம் போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் திட்டியிருப்பேன். எச்சில் விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒரு நக்கு கொடுத்தேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது அவருக்கு. அப்புறம் இன்னொரு நக்கு. நான் வெஞ்சனம் தாளிக்க அடுப்படிக்குப் போய்விட்டு வருவதற்குள் டப்பா பாதி காலி. மீதியை அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவருக்குக் கால் இழுத்த மாதிரி இருந்தது. நடை பழகுகிற குழந்தை மாதிரி நடந்தார். தூக்கம் பத்தலை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை தாள் கொடுக்க வேண்டிய நாளும். அவளுடைய அம்மா ஒட்டன்சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் கொய்யாப்பழப் பை. வந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்குப் பிள்ளை பிரசவ வார்டுக்கு எழுத வேண்டும்.

“ஏனுங்க, தெனமும் பச்சப் புள்ள மொகத்துல முழிக்கலாமுங்க. நாளைக்கு வரன் பாக்க வர்றவங்க என்ன வேலைன்னு கேட்டா, பிரசவம் பாக்குதுன்னு சொன்னா லட்சணமா இருக்குமுங்க. இங்க என்னங்க இருக்குது? எல்லாம் ரத்தக் கொழாயி. வந்தவங்க ஒவ்வொருத்தரா கொறஞ்சுக்கிட்டே போவாங்கன்னு சொல்றாங்க. பெரியவங்க நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன்? பார்க்கலாம் என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். மிஷினில் போடும் முன்னால் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவார்கள். மற்ற நாளெல்லாம் அவள் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவரிடம்தான் கேட்பாள். வீட்டு ஆட்கள் மழுப்பித்தான் பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் அம்மா கண்ணாடி வழியாகக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் சட்டைப் பையில் அந்த வார்டுத் தாள் மடித்து இருந்தது. அந்த அவசரத்தில் என்னை வெளியே நிறுத்த மறந்து, பேனாவோடு என் பக்கமே திரும்பி, தாத்தா நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். கஞ்சி என்றேன். எழுதிக்கொண்டாள்.

எடை மெஷினிலிருந்து கட்டில் பத்து அடி. அந்தப் பத்து அடியில் அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, துணி கழன்று கீழே விழுகிற மாதிரி உட்கார்ந்தார். உதடு மரத்துப்போச்சு என்று குழறினார். அவள் குனிந்து நாடியைப் பிடித்தாள். பிடித்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“பாட்டி. தாத்தா நேத்து என்ன சாப்பிட்டாருங்க?”

“அதேன் சொன்னேன்ல தாயி, கஞ்சி.”

அவள் பார்வையை எடுக்கவில்லை. வேட்டிக்காரர் முன்னால் நின்ற அதே நிற்றல், இப்போது முட்டி போட்டபடி. ஒரு பொய்யை எத்தனை நேரம்தான் வாய்க்குள் வைத்திருப்பது? அது ஐஸ் கட்டி மாதிரி கரையவும் மாட்டேன் என்றது.

“பஞ்சாமிர்தம்” என்றேன்.

“எம்புட்டுங்க?”

“அரை டப்பா.”

ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்தாள், ஓடினாள். டாக்டரோடு திரும்பி வந்தாள். நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். ஒரு ஊசியை மெதுவாக, மெதுவாக ஏற்றினார்கள். பிறகு மிஷினில் போட்டார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெஞ்சில் அந்த அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மனசுக்குள் முருகனிடம், நீ கொடுத்தது நல்லதுதான்ப்பா, வாங்கியவளுக்குத்தான் புத்தி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக அந்தப் பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு அவள் அசையவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். பிழைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தோடு முடிந்திருக்கலாம். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. காப்பாற்றியதற்கு அவளைப் பாராட்டக்கூடச் செய்தார். ஆனால் அவள் தனியாக ஒரு தாள் எடுத்து என்னவோ எழுதி, அதையும் வார்டுத் தாளையும் சேர்த்து நர்சிங் சூப்பிரண்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சூப்பிரண்டு அறைக் கதவு சரியாக மூடாது. அவள் அம்மாவும் நானும் வாசலில் நின்றோம்.

நோயாளியிடம் கேட்காமல் வீட்டு ஆளிடம் கேட்டு எழுதிவிட்டேன், அது என் தப்பு என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சூப்பிரண்டு அம்மாவுக்கு எரிச்சல். யாரும் கேட்காததை நீயாக ஏன் எழுதுகிறாய் என்றார். நடந்துச்சுங்க மேடம் என்றாள் இவள். சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுதிவிட்டாய், இனி நான் அதை ஃபைலில் வைத்தாக வேண்டும், இந்த வார்டில் முதல் மாதமே இப்படி ஒரு தாள் இருக்கிற பிள்ளையை நான் எப்படி டயாலிசிசில் நிலையாகப் போடுவது என்றார். பிரசவ வார்டில் இடம் இருக்கிறது, உன் அம்மாவும் அதைத்தான் கேட்கிறார், இந்த இடத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போடு, இதை நானும் மறந்துவிடுகிறேன் என்றார். எல்லோருக்கும் நல்ல வழிதான். என் பக்கத்தில் நின்ற அம்மா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“முடியாதுங்க மேடம்.”

“ஏன் முடியாது?”

“மத்த வார்டுல மூணு நாளு, நாலு நாளுல வீட்டுக்குப் போயிர்றாங்க மேடம். நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியறதே இல்லைங்க. இங்க திங்கக்கெழம நான் ஒண்ணு தப்பாச் செஞ்சா, வியாழக்கெழம அந்த மொகத்தப் பாக்கோணும். அப்பத்தானுங்க நான் ஒழுங்கா இருப்பேன். இன்னிக்கு வரைக்கும் எதை எழுதறதுன்னு தெரியலைங்க. இப்பத்தானுங்க எழுதினேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன பொய் இந்தப் பிள்ளையின் தாளில் தப்பாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அம்மா, பொய் சொன்னவ நாந்தேன். இந்தப் புள்ள வேணாம்னு முன்கூட்டியே சொல்லுச்சு. கேக்காம குடுத்ததும் நாந்தேன், கேட்டப்ப மறைச்சதும் நாந்தேன்.”

சூப்பிரண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எல்லா வீட்டுலயும் பொய் சொல்லத்தான் பாட்டி செய்வாங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் நர்சு.”

“சரி தாயி. அத இன்னிக்குக் கண்டுபிடிச்சவ இந்தக் கட்டடத்துல இவ ஒருத்திதேன். இனிமே எந்த வீட்டுப் பொம்பளைகிட்டயும் இவ கேட்டு எழுதுவான்னு நெனைக்கிறீகளா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வாசலில் கொய்யாப் பையோடு நின்ற அம்மாவை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியே வந்து கதவில் மோதினாலும் நிற்பாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் விழுந்துவிடுவாள் போலிருந்தது.

“எம்புள்ள எதுக்கும் ஓடாதுங்க மேடம்” என்றார் அந்த அம்மா. “பஸ்ஸு போனாக்கூட நடந்துதானுங்க வரும். வீட்டுல பாம்பு வந்தப்பக்கூட நின்னுதான் பாத்துச்சு. இன்னிக்கு ஓடுச்சுங்க.” கொய்யாப் பையைக் கை மாற்றிக்கொண்டார். “அது எழுதினதையே வெச்சுக்கோங்க.”

அந்தப் பிள்ளை தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் அம்மாவின் கொய்யாப் பையை வாங்கிக்கொண்டது.

சூப்பிரண்டு கண்ணாடியை மாட்டினார். மூன்று மாதத்துக்கு நீ தனியாக யாருக்கும் ஊசி குத்தக் கூடாது, பக்கத்தில் பெரிய நர்ஸ் இருக்க வேண்டும், அந்தத் தாள் ஃபைலில் இருக்கத்தான் செய்யும் என்றார்.

“சரிங்க மேடம்.”

அந்த மூன்று மாதமும் அவள் பெரிய நர்சின் முழங்கையோரம் நின்று பார்த்தாள். என்னைப் பெஞ்சோடு நிறுத்திவிட்டாள். அவரிடம் சாப்பாடு கேட்கும்போது அவள் கதவை இழுத்துச் சாத்திக்கொள்வாள். உள்ளே அவர், நேற்று நான் வைத்த ரசத்தில் உப்பு எவ்வளவு என்பது வரைக்கும் ஒப்பித்துக்கொண்டிருப்பார். கட்டிய பெண்டாட்டியைக் காட்டிக் கொடுப்பதில் அம்புட்டு சந்தோசம். வெளியே வரும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை, அவள் தனியாகக் குத்தப்போகிற முதல் கை அவருடையது. மிஷினுக்கு எப்போதும் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை எடுக்க, ஒன்று திருப்பிக் கொடுக்க. ஆணி மாதிரி தடித்த ஊசி. சில நாள் நரம்பு நழுவும். மறுபடியும், மறுபடியும் குத்துவார்கள். எத்தனை தடவை குத்தினாலும் கட்டிலில் தொங்குகிற தாளில் இரண்டு என்றுதான் எழுதுவார்கள். நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்க ஆளில்லை. அவருக்கும் அது பழகிவிட்டது. ஆனால் மூன்றாவது ஊசிக்கு அவர் வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது.

அன்றைக்கு என்னை உள்ளே நிற்க விட்டாள். முதல் ஊசி சரியாக இறங்கியது. இரண்டாவது நழுவியது. கை சட்டென்று வீங்கியது. அவள் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பிருச்சுங்க தாத்தா. என் தப்புதானுங்க. இன்னொரு வாட்டி குத்தோணும். வலிக்குமுங்க.”

நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கையை அவள் பக்கமாக இன்னும் ஒரு சாண் நகர்த்தி வைத்தார்.

மூன்றாவது ஊசி இறங்கியது. குழாயில் சிவப்பு ஓடியது. அவள் சிரிக்கவில்லை. வியர்வையை முழங்கையில் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, தாளில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். தாள் முழுக்க இங்கிலீசு. எழுத்து எனக்கு வராது. நம்பர் வரும்.

3 என்று போட்டிருந்தாள்.